உப்புக் கம்மி என்றவள்

டுலூத், மினசோட்டா
அக்டோபர் 9

அன்புத் தம்பி நெல்ஸுக்கு,

உன் கப்பல் இரும்புத் தாதோடு ஏரியில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறதோ, இது கைக்கு வரும்போது நலமாயிரு. இங்கே குளிர்காற்று ஆரம்பித்துவிட்டது. என் பெண் டில்டா இரண்டாம் வகுப்புக்கு அழாமல் போகிறாள்.

அம்மா உனக்கு ஃபோனில் எல்லாம் சொல்லிவிட்டாளாம். லோர்னா மரியாதை தெரியாதவள், கல்யாணத்தை யோசி என்று. நீயும் யோசிக்கிறாயாம். நான் பார்த்ததையும் கேள்.

ஞாயிறு விருந்தில் அம்மா வழக்கம்போல, அடுப்பில் சுட்டெடுத்த இறைச்சி-உருளைக்கிழங்கு ஹாட்டிஷை வைத்துவிட்டு, "இன்னிக்கு ஹாட்டிஷ் சரியா வரலை" என்று இழுத்தாள். நாமெல்லாம் பிரமாதம் என்று பாட வேண்டிய இடம். லோர்னா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆமா, உப்புக் கம்மி. மத்தபடி நல்லாருக்கு" என்றாள். அம்மா முகம் போன போக்கைப் பார்க்கணுமே. கடைசிக் கேக் துண்டை நம் வழக்கப்படி யாரும் தொடவில்லை. "யாருக்கும் வேணாமா?" என்று லோர்னா கேட்டாள். எல்லோரும் மரியாதைக்கு வேண்டாம் என்றோம். எடுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், உப்பு கம்மிதான்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, டில்டா காதைப் பொத்திக்கொண்டாள். பெற்ற நானே கவனிக்கவில்லை. லோர்னா யாரிடமும் சொல்லாமல் அவளை மாடிப்படிக்குக் கூட்டிப்போய்விட்டாள். போய்ப் பார்த்தால், இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பொத்தான்களை நிறவாரியாக அடுக்குகிறார்கள். என்னையே ஒட்டவிடாத பெண் அவள்மேல் சாய்ந்திருக்கிறாள். லோர்னாவின் கட்டைவிரல் ஸ்வெட்டர் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, டில்டா போர்வையைத் தேய்ப்பாளே, அப்படியே. "சத்தம் ஜாஸ்தி. எனக்கும் வலிக்கும்" என்றாள், அவ்வளவுதான்.

போன வருஷம் டில்டாவுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் விளக்கியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பெயர் வைக்க நான் டாக்டர் இல்லை. சொல்வதும் சொல்லாததும் லோர்னாவின் இஷ்டம். நீ போய்க் கேட்டுவைக்காதே. நம் வீட்டில் நினைப்பதைச் சொல்பவள் அவள் ஒருத்திதான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

கல்யாணத் தேதியைப் பற்றிக் கடிதம் போடுவதாக அவளிடம் சொன்னாயாமே. "சொல்லிருக்கான், போடுவான்" என்கிறாள். நீ பேச்சுக்குச் சொல்லியிருப்பாய். அவள் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். வேண்டுமா வேண்டாமா, நேராக எழுதிவிடு. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒருநாள் டில்டாவையும் ஒருவன் தன் வீட்டு விருந்துக்குக் கூட்டிப்போவான். அவனுக்கும் ஒரு அக்கா இருக்கட்டும்.

அன்புடன்,
காரின்