பெயர்நாள் வரை

ஜூலை 16, செவ்வாய்

படகு நாற்பது நிமிடம் தாமதம். அறை சுத்தம். இரண்டு வாரத்துக்கும் திட்டம் எழுதிவிட்டேன்: காலையில் நடை, பகலில் உறக்கம், மாலையில் கடல் குளியல். ஓய்வுக்குப் போகிறேன் என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னேன். ஆனால் என்னோடு ஆசிரியராக இருந்த பண்டெலிஸ் இந்தத் தீவில் இருக்கிறான். முப்பத்தொரு வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளியில் தேர்வுத்தாள் முன்கூட்டியே வெளியானபோது பழி அவன்மேல் விழுந்தது, வேலையும் போயிற்று. தாளை ஆசிரியர் அறையில் மறந்து வைத்தவன் நான். வாயைத் திறக்கவில்லை. இப்போதாவது அவனிடம் சொல்ல வேண்டும்.

இருபத்தேழாம் தேதி அவன் பெயர்நாள், அவன் பெயர் கொண்ட புனிதரின் திருநாள். அன்று வீட்டுக் கதவு ஊருக்கே திறந்திருக்கும். யாரும் யாரையும் அழைப்பதில்லை. கூட்டத்தோடு கூட்டமாக நானும் போகலாம்.

ஜூலை 18

வடக்குக் கரை, மூன்று மணி நேரம். கூழாங்கற்களில் நான் மட்டும். நீர் அவ்வளவு தெளிவு.

ஜூலை 20

அறைக்காரி அனேசோ சிரிக்கிறாள். "என்ன வாத்தியாரே, தீவையே அளந்துட்டீங்க. மேட்டுத் தெருப் பக்கம் மட்டும் தலை வெச்சுக்கூடப் படுக்கலையே?"

அவன் வீடு அங்கேதான். முட்டி வலி என்றேன். முட்டி நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 23

அவனைப் பார்த்தேன். துறைமுகக் காபிக் கடையில், இரண்டு மேசை தள்ளி. மெலிந்திருக்கிறான், கையில் தடி. செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்திக்கொண்டேன். அரை மணி நேரம் ஒரே பக்கம். "இந்த வருஷம் தேன் கம்மிதான்யா" என்று யாரிடமோ சொன்னான். அதே குரல்.

ஏன் எழுந்திருக்கவில்லை? நான்கு நாள்தானே, முறையாகப் போகலாம் என்று — இல்லை. பயம்.

ஜூலை 25

சொல்ல வேண்டிய வாக்கியங்களை எழுதி நான்கு முறை திருத்தினேன்.

ஜூலை 27, சனி

வெள்ளைச் சட்டை, ஒரு பெட்டி பாதாம் இனிப்பு. கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் மனைவி மாரூசோ மட்டும். நேற்று மத்தியானம் அவனுக்கு மூச்சுத் திணறி, பெரிய தீவின் ஆஸ்பத்திரிக்கு மகன் படகில் கூட்டிப் போயிருக்கிறான்.

"வாங்க லெஃப்தேரிஸ். கதவை மட்டும் சாத்தாதேன்னுட்டுப் போனார். நீங்க இறங்கின அன்னைக்கே ஊருக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் தினமும் காபிக் கடைக்கு இறங்கினார். செவ்வாக்கிழமை வந்து ஒரே சிரிப்பு. 'பேப்பருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கான் மாரூசோ. விடு, என் பெயர்நாளுக்கு வருவான், அவனுக்கு அதுதான் சௌகரியம்'னார்."

"அந்தத் தேர்வுத்தாள்…" என்று ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட எதுக்கு? அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

நாளைப் படகுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன்.

ஜூலை 28

காற்று. படகுகளுக்குத் தடை.

ஜூலை 29

காற்று.

ஜூலை 30, செவ்வாய்

படகு வந்தது. நான் ஏறவில்லை. அவனைச் சவப்பெட்டியில் நான்கு பேர் தோளில் இறக்கினார்கள்.

பின்னாலேயே மேட்டுத் தெருவுக்கு நடந்தேன். பக்கத்தில் வந்தவர் கேட்டார்: "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பார்த்தேன். அந்தத் தாளை மறந்து வெச்சது நான்தான்."

"எந்தத் தாளு, பெரியவரே?" என்றார்.