அண்ணாச்சி சொல்லாத முடிவு

என் பிரியமுள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. நேற்று பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மதினியும் பிள்ளைகளும் சுகம். போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா பேசவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

நீங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு பதினொரு வருஷம் நாம் முகம் பார்க்கவில்லை. நீங்கள் பாளையங்கோட்டையில் வேதசாஸ்திரம் கற்பித்தீர்கள், நான் ஆற்றுக்கு இக்கரையில் சயன்ஸ் வாத்தியார். நம்மை ஒரே மேசையில் உட்கார வைத்தது ஏரல் ஊர் வடிவம்மாளின் பணம்தான். வால் நட்சத்திரம் தெரிந்த வருஷம் அது. ஒன்பது வயது மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்திருந்த அந்த அம்மாள் நம்மை வரவழைத்துச் சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள்.

"கோயிலுக்கு எம்புட்டோ கொடுத்தாச்சு. இனி உங்க ரெண்டு பேருக்கும் கொடுக்கேன். ஒருத்தர் வேதம் படிச்சவரு, ஒருத்தர் சயன்ஸ் படிச்சவரு. சேர்ந்து உக்காந்து பாருங்க. எல்லாத்துக்கும் அடியில என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க."

ஆற்றங்கரையில் ஒரு வீட்டை ஒழித்துக் கொடுத்தார். தொலைநோக்கியும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த தராசும் வந்தன. சனிக்கிழமை தோறும் சண்டை போட்டோம். ஒருமுறை நெல்லையும் தண்ணீரையும் குப்பியில் போட்டு, மெழுகால் வாயை அடைத்து, நாள்தோறும் தராசில் நிறுத்தோம். முளை வந்தது. எடை மட்டும் மாறவே இல்லை. "உயிருக்கு எடை இல்லையா, இல்ல நம்ம தராசுக்குக் கண்ணு இல்லையாலே?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். பதில் இன்றுவரை தெரியாது.

உங்களுக்குக் காய்ச்சல் முற்றிய அன்று காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஆண்டவரை நம்புதேன்லே. அதுல சந்தேகமில்ல. ஆனா நம்ம ஆராய்ச்சியில அவரு அகப்படல. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து எழுதிராத."

அடக்கம் முடிந்து ஏரலுக்குப் போனேன். வடிவம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என் பிள்ளை எங்கயோ இருக்காதான? அண்ணாச்சி கண்டுபிடிச்சிட்டாருல்லா?"

"கண்டுபிடிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டேன்.

இரக்கத்தால் சொன்னேனா, பணம் நின்றால் வேலையும் நின்றுபோகும் என்ற பயத்தால் சொன்னேனா? எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாள் அழுதார், பிறகு சாப்பிட்டார். மகள் போன பிறகு அப்படிச் சாப்பிட்டதே இல்லை என்று வீட்டார் சொன்னார்கள். மறு மாதமே ஆள் அனுப்பினார். உங்கள் பெயரில் அந்த முடிவைப் புத்தகமாக அச்சிட வேண்டுமாம், நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

பேனாவைத் தொட முடியவில்லை. முந்தாநாள் ஏரலுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். வடிவம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"இந்த நாலு மாசமும் நிம்மதியா உறங்கினேன், வாத்தியாரே. அதையும் புடுங்கிட்டீரு."

கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பணம் நின்றது என்றே நினைத்தேன். வாசல் வரை வந்துவிட்ட என்னைக் கூப்பிட்டார்.

"வேலைய நிறுத்தாதீரும். அண்ணாச்சி மாதிரி படிச்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வாரும். ஆனா இனிமே எனக்கு ஆறுதல் சொல்ல வராதீரும். கண்டதை மட்டும் சொல்லும். ஒண்ணும் காணலைன்னா, காணலைன்னு சொல்லும்."

அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, அண்ணாச்சி. நான் செய்தது சரிதானா? நீங்களாக இருந்தால் முதல் நாளே எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? உங்கள் நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைத்து எப்படி வாதாடப் போகிறேன்?

ஒன்று மட்டும் உறுதி. புத்தகம் வரும். நீங்கள் நம்பியது ஒரு பக்கத்திலும் நாம் கண்டது மறு பக்கத்திலும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நானாக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

உங்களோடு சண்டை போட இன்னும் ஆசை தீராத,
உங்கள் கூடப்பிறந்த தம்பி.