ஜன்னல் மூலையில் டிரெட்மில்

ஜூலை 4
கீழ் அறை

மேல்வீட்டு அம்மாளுக்கு,

நலம். உன் நலம் தலைக்கு மேல் கேட்கும் காலடிச் சத்தத்திலேயே தெரிகிறது, அதனால் விசாரிக்கவில்லை.

இனி மாடிப்படி ஏறுவதில்லை என்று சொல்லி நான் கீழே வந்து ஒன்பது நாள் ஆகிறது. மாடித் தளம் ஒரு டிரெட்மில்லைத் தாங்குமா என்று கேட்க, கட்டியவன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது, கட்டிக்கொண்டவள் வெளியிலிருந்து ஓர் இன்ஜினியரைக் கூட்டி வந்தாள். ஊரில் யார் வீட்டில் நடக்கும் இது?

நான் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன்தான். வரைபடம் போட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் வரைந்து வரைந்து நானே கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றவன் கட்டிய கட்டடங்கள் நாற்பத்தாறு. ஒன்றிலும் கீறல் கிடையாது. இந்த வீட்டிலோ என் கை படாத அங்குலமே இல்லை. அதன் மேல் அவன் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறான்.

போகட்டும். டாக்டர் உன்னைத் தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். தெருவில் விழுந்ததிலிருந்து வெளியே நடக்க உனக்குப் பயம். மெஷின் என்று வந்துவிட்டால் அதைப் பார்த்து எடுக்க வேண்டியவன் நான். நேற்று டேப், ரசமட்டம், ஒரு டம்ளர், மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

முதல் மெஷின் முப்பத்தெட்டு கிலோ. மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாமாம். மடக்கு நாற்காலியையே நான் வீட்டில் சேர்த்ததில்லை. இரண்டாவது அறுபத்து நான்கு கிலோ, பரவாயில்லை. மூன்றாவது நூற்றுப் பன்னிரண்டு கிலோ. பெல்ட் ஐம்பது சென்டிமீட்டர் அகலம்.

ஒவ்வொன்றின் ஓரத்திலும் டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து, கடைக்காரரை ஏறி நடக்கச் சொன்னேன்.

“ஐயா, தண்ணி சிந்துனா மோட்டார் போயிடும்யா!”

“சிந்தாம ஓடுற மெஷின்தான் எனக்கு வேணும். ஏறுங்க.”

முதலாவதில் பாதித் தண்ணீர் அவர் காலுறைக்குப் போயிற்று. அதன் அட்டையில் இரண்டு குதிரைசக்தி என்று போட்டிருந்தது. “ஓடிக்கிட்டே இருந்தா எவ்வளவு?” என்று கேட்டேன். யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, முக்கால் என்றார். மூன்றாவதில் ஒரு சொட்டு அசையவில்லை.

ஆகவே மூன்றாவது. அதைப் பீரோவுக்குப் பக்கத்தில் சுவர் ஓரமாக வைக்க வேண்டும். ஜன்னல் மூலை வேண்டாம். வெயில் பட்டால் பெல்ட் விறைத்துப் போகும்.

இப்படிக்கு,
இந்த வீட்டைக் கட்டியவன்

பி.கு.: சாப்பாட்டுக் கூடையை மாடியிலிருந்து தொப்பென்று இறக்காதே. கயிறு நான் கட்டியது, நூறு வருடம் தாங்கும். கேரியர் தாங்காது.

*

ஜூலை 5
மாடி

கீழ்வீட்டு மேஸ்திரி அவர்களுக்கு,

கடிதமும் காலிக் கேரியரும் கூடையில் வந்து சேர்ந்தன. கேரியரைக் கழுவி அனுப்பியிருக்கலாம்.

கடிதத்தை முழுதாகப் படித்தேன். கிலோ இருக்கிறது, அகலம் இருக்கிறது, பாவம் அந்தக் கடைக்காரரின் காலுறைகூட இருக்கிறது. மெஷினில் ஏற எவ்வளவு உயரம் காலைத் தூக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. என் முழங்கால் எவ்வளவு தூக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டுமா? தடுக்கினால் தானாக நிற்க, உடையில் மாட்டிக்கொள்ளும் கயிறு ஒன்று உண்டாமே, அது இருக்கிறதா? எழுத்து கண்ணுக்குத் தெரியுமா?

நடக்கப் போவது நானா, உங்கள் தளமா?

லேசான மெஷின் வாங்கினால் தளத்துக்கு அவமானம் என்று நினைக்கிறீர்கள். எனக்குப் புரியாமல் இல்லை. உங்களோடு குடித்தனம் நடத்தி எத்தனை வருடம் ஆகிறது!

இன்னொன்று. மெஷினை ஜன்னல் மூலையில்தான் வைப்பேன். தினம் அரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்க நான் என்ன குற்றம் செய்தேன்? அந்த மூலையில் நின்றால் தெருமுனை வரை தெரியும். வெளியே நடந்த மாதிரி இருக்கும்.

இப்படிக்கு,
இந்த வீட்டில் குடியிருப்பவள்

*

ஜூலை 6
கீழ் அறை

மேல்வீட்டு அம்மாளுக்கு,

ஜன்னல் மூலை வேண்டாம் என்றால் வேண்டாம். மழைச்சாரல் அடிக்கும். தெருப்புழுதி மோட்டாரில் ஏறும். பிளக் பாயிண்ட் தூரம். நீ நடப்பதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். இன்னும் வேண்டுமானால் நாளை எழுதுகிறேன்.

சொன்னால் கேள்.

இப்படிக்கு,
மேற்படியான்

*

ஜூலை 7
மாடி

என்னங்க,

சாரல், புழுதி, பிளக் பாயிண்ட் எல்லாம் இருக்கட்டும். இந்த முப்பத்தொரு வருடத்தில் அந்த மூலையில் அழுக்குத்துணிக் கூடையைத் தவிர வேறு எதையும் வைக்க நீங்கள் விட்டதில்லை. நான் காரணம் கேட்டதில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்?

தளம் போட்ட அன்று காலை ஏழு மணிக்குக் கான்கிரீட்டைத் தொடங்கினீர்கள். மூன்று மணிக்கு எனக்கு வலி கண்டது. ஜன்னல் மூலை மட்டும் பாக்கி. கலந்த கலவை காத்திருக்காது. வேலையாட்களிடம் விட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். மறுநாள் மூத்தவளைக் கையில் வாங்கிக்கொண்டு, “கம்பிக்கு அடியில கல்லு வெச்சானுங்களோ என்னவோ” என்று முணுமுணுத்தீர்கள். கம்பி தொய்ந்துவிடாமல் கலவைக்குள் தூக்கிப் பிடிக்கிற கல். பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிற பேச்சா அது? எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டீர்கள்.

மூத்தவள் கல்யாணத்தன்று மாடியில் இருநூறு பேர் இருந்தார்கள். நீங்கள் அந்த மூலையை மறித்துக்கொண்டு நின்றீர்கள். “சம்பந்தி அங்க என்ன காவல் காக்குறாரு?” என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். “காத்து வாங்குறாரு” என்றேன்.

இன்ஜினியரிடம் நான் உங்கள் தளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த மூலையை மட்டும்தான் பார்க்கச் சொன்னேன். ‘என் கை படாத அங்குலம் இல்லை’ என்று ஊரெல்லாம் சொன்ன நீங்கள், அங்கே மட்டும் படவில்லை என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டி வரக் கூடாது என்றுதான் கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டீர்கள்.

கருவியை வைத்துத் தளத்துக்குள் கம்பி எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்தார். நடுவிலும் பார்த்தார், மூலையிலும் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒரே கை வேலை. யாரும்மா மேஸ்திரி?” என்றார்.

“எங்க வீட்டுக்காரர்” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது இருந்த என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழே இருந்தீர்கள்.

நீங்கள் இல்லாதபோதும், இருந்தால் எப்படி நடக்குமோ அப்படியே வேலை நடந்திருக்கிறது.

இப்படிக்கு,
அன்று உங்களை வேலையிலிருந்து இழுத்துக்கொண்டு போனவள்

*

ஜூலை 9
கீழ் அறை

மூத்தவளின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போடாமல் படித்தது, கணக்கில் வராது.

கல் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாமலா அவர்களிடம் விட்டுவிட்டு வருவேன்? தெரியும். பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த இன்ஜினியர் வேலை தெரிந்தவர் போலிருக்கிறது. தட்டும்போதே எனக்குத் தோன்றியது.

நீ எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. நீ என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை. நான்தான் சாந்துக்கரணையைக் கீழே போட்டுவிட்டு வந்தேன். நாற்பத்தாறு கட்டடத்தில் நான் பாதியில் கரணையைப் போட்டது அந்த ஒரு முறைதான். அதற்காக நான் வருத்தப்பட்டதாக எங்கும் எழுதி வைக்காதே. மூத்தவளை நான் கையில் வாங்கியபோது கலவை என் நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்தது. அது உனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருக்கிறது.

நேற்று மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் காலுறையைக் கழற்றிவிட்டார். ஏறும் உயரம், மூன்றாவதில் இருபத்து மூன்று சென்டிமீட்டர். இரண்டாவதில் பதினைந்து. உன் முழங்காலுக்குப் பதினைந்துதான். நிறுத்தும் பொத்தான் சிவப்பு, டம்ளர் வாய் அகலம், கை நீட்டாமலே எட்டுகிறது. நீ சொன்ன கயிறும் இருக்கிறது. சட்டையில் மாட்டிக்கொண்டு நானே தடுக்கி விழுகிற மாதிரி செய்து பார்த்தேன், நின்றது. மூன்று முறை செய்தேன். இரண்டாவதையே அனுப்பச் சொல்லிவிட்டேன். மூன்றாவதுதான் நல்ல மெஷின் என்பதில் எந்த மாற்றமும் இல்லை.

நாளை பத்து மணிக்குக் கொண்டு வருகிறார்கள். நான் ஆறு மணிக்கே மேலே வருகிறேன். சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துணிக்கூடையை நகர்த்த ஆள் வேண்டும்.

ஜன்னல் மூலையிலேயே இருக்கட்டும். முதலில் அங்கே நான் நிற்பேன். அப்புறம் மெஷின். அப்புறம் நீ.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: இனிமேல் சாப்பாட்டுக் கூடையை இறக்காதே. கயிறு நைந்திருக்கிறது.