உங்களுக்கும் அந்தக் கண்ணாடி பயம்தான்

கொட்டிவாக்கத்தில் நம் மகள் புதிதாக வாங்கிய வீட்டுக்கு நேற்றுப் போயிருந்தேன். லிப்டின் கதவு திறந்ததும் எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கால் பின்வாங்கிவிட்டது. முட்டிவலியோடு படியேறித்தான் போனேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அவளிடம் என்ன சொல்வது? காரணம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி, திருநெல்வேலியிலிருந்து என்னை மயிலாப்பூருக்கு அழைத்து வந்திருந்தீர்கள். குளத்துக்குப் பின்னால் ஒற்றை அறைக் குடித்தனம். உங்களுக்கு மாம்பலத்தில் உங்கள் மாமாவின் நகைக்கடையில் வேலை. ஊரே பேசுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அந்த இங்கிலீஷ் பேய்ப்படத்துக்குக் கூட்டிப்போனீர்கள். ஒருத்தி கண்ணாடி முன் உட்கார்ந்து தலை வாருகிறாள். அறையில் வேறு யாரும் இல்லை. கண்ணாடியில் மட்டும் அவள் தோளுக்குப் பின்னால் ஒரு முகம் எழும்புகிறது. உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியவள், விளக்கு போட்ட பிறகுதான் திறந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. எல்லாம் மெழுகு முகம் என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

அதன்பின் தனியாகக் கண்ணாடி பார்க்க என்னால் முடியவில்லை. தடவித் தடவி வகிடெடுத்தேன். பொட்டு புருவத்துக்கு இறங்கியது. புதுப்பெண்ணுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று குடித்தனக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஊரிலிருந்து வந்த உங்கள் அம்மா எனக்குத் தாயத்துக் கட்டினார். அதிலும் தெளியாமல் போகவே, என்னை வைத்துக்கொண்டே உங்களிடம் சொன்னார்.

"இவள அவ ஆத்தா வீட்டுல விட்டுட்டு வா. சரியானப்புறம் பாக்கலாம்."

போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ எங்கயும் போவேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் காலை என்னைக் கண்ணாடி முன் உட்காரவைத்துப் பின்னால் வந்து நின்றீர்கள். "பின்னால நாந்தான் நிக்கேன். பொட்ட வை." பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும், வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும், நீங்கள் வந்து நிற்காமல் நான் சீப்பை எடுத்ததில்லை.

அந்தப் படம் பார்த்த சமயத்தில்தான் கடையில் வியாபாரப் பக்கத்தை விட்டுவிட்டு, பின்கட்டில் கணக்கு எழுதப் போனீர்கள். கடையையே உங்களிடம் ஒப்படைக்க நினைத்திருந்த மாமா கோபித்துக்கொண்டு, அதைத் தன் மகளின் கணவருக்குக் கொடுத்துவிட்டார். நின்று நின்று கால் கடுக்கிறது என்றீர்கள். நானும் நம்பினேன். கடைசிவரை சம்பளக்காரராகவே இருந்தீர்கள்.

அடையாறு ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்கு எதிரே ஒரு முகம் கழுவும் தொட்டியும், அதற்கு மேல் கண்ணாடியும் இருந்தன. சேர்த்த அன்றைக்கே, "அதுல ஒரு துண்டப் போடு" என்றீர்கள். எனக்காகத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து, வேண்டாம், பார்க்காமல் இருந்துகொள்கிறேன் என்றேன்.

"உனக்கில்ல, எனக்கு. அன்னைக்கு நீ கண்ண மூடிக்கிட்ட. நான் முழுசாப் பாத்தேன்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சு வாங்க வாங்கச் சொன்னீர்கள். நகைக்கடையில் திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடி. வாடிக்கையாளர் கழுத்துக்குச் சங்கிலியைப் பிடித்துக் காட்டும்போதெல்லாம் கை உதறுமாம். அதனால்தான் பின்கட்டுக்குப் போனீர்களாம். என் பின்னால் எப்படி நின்றீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணாடியவா பாத்தேன்? உன் வகிட்டப் பாத்துக்கிட்டே நின்னேன்."

துண்டைப் போட்டேன். நீங்கள் போகும்வரை யாரையும் அதை எடுக்கவிடவில்லை.

சொல்லியிருந்தால் என்ன? ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டாவது பயந்திருப்போம். அந்த வருத்தம் உங்கள்மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது தினமும் காலையில் தனியாகக் கண்ணாடி முன் போய் நிற்கிறேன். வகிடெடுத்து முடிக்கும்வரைதான், அதற்குமேல் முடிவதில்லை. தைரியம் வரவில்லை. நடுங்கிக்கொண்டே நிற்க மட்டும் வருகிறது. இத்தனை வருடம் நீங்கள் அப்படித்தானே நின்றிருக்கிறீர்கள்.