மிச்சமிருந்த வெட்டுகள்

4ஆம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள உனக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு, அது சரியான சொல்தானா என்று சற்று நேரம் யோசித்தேன். காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. இரண்டு வேளை சாப்பிடுகிறேன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள். உன் முழங்காலுக்கு உன் தங்கை வீட்டு மாடிப்படிகள் ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் எனக்குக் கவலை. பதினெட்டுப் படிகள் என்று நினைவு. கைப்பிடி ஒரு பக்கம்தான்.

நான் போன் செய்தால் நீ தங்கையிடம் கொடுத்துவிடுகிறாய். அவள் தன் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுகிறாள். போன வாரம் சகலை, “உங்க வீட்டம்மாவ நாங்க ஒண்ணும் கடத்திக்கிட்டு வரல சகலை. திருப்பிக் கேட்டா குடுத்துருவோம். நீங்க வாயத் தொறந்து கேக்கணும், அவ்வளவுதான்” என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கேட்பதற்கு எனக்கு எந்த நாளும் வாய் வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். எதிர்வீட்டு வக்கீல் உன்னை விசாரித்தார். உன் தங்கைக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறாய் என்று சொல்லிவைத்தேன். பொய் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவள் உடம்புக்கு இதனால் ஒன்றும் வந்துவிடக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாட்டு டாக்டரம்மா 15ஆம் தேதி வருகிறார். நம் பையன் அவருக்காகச் செய்துவந்த கருவிப் பெட்டியின் தோல் மூடி மாடியில் அவன் மேசைமேல் அப்படியே இருக்கிறது. அவன் போய் ஆறு மாதம் பதினோரு நாள் ஆகிறது. அவனோடு வேலை பார்த்த தையலம்மா மற்ற ஆர்டர்களை எல்லாம் தைத்து முடித்து அனுப்பிவிட்டார். இது ஒன்றுதான் பாக்கி. பூக்களும் இலைகளும் வெட்டி, அச்சு உளியால் தட்டி, பின்னணி முழுக்கப் புள்ளி இறக்கியாகிவிட்டது. இதழ்களுக்குள்ளும் இலைகளுக்குள்ளும் வரவேண்டிய அலங்கார வெட்டுகள் மட்டும் இல்லை. அந்த வேலையில் அவைதான் கடைசி. அவற்றுக்கு மாதிரிக் கோடு கிடையாது. கை தானாகப் போடவேண்டும். தோலில் போட்ட வெட்டை அழிக்கவும் முடியாது.

அவன் சுழல்கத்தியை எடுத்து நான் பழக ஆரம்பித்த இரண்டாம் வாரம் நீ கிளம்பிப் போனாய். போகும்போது சொன்னதை நான் மறக்கவில்லை. “புள்ள போயி அஞ்சு மாசம் ஆகல. அவன் கத்திய எடுத்து வெச்சிக்கிட்டுக் கோடு கிழிக்கிறீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா உங்களுக்கு?” வரவில்லை. நீ போன பிறகும் வரவில்லை. வருகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பல் பிடுங்கிய பிறகு பாதி முகம் தனக்குச் சொந்தமில்லாததுபோல் இருக்குமே, அப்படி இருக்கிறது. அந்த மருந்துக்கு ஒரு மணி நேரம் கணக்கு. இதற்கு என்ன கணக்கு என்று யாரிடம் கேட்பது?

அந்த மூடி அவன் கை விட்ட நிலையிலேயே இருக்கவேண்டும், யாரும் தொடக் கூடாது என்றும் நீ சொன்னாய். அதனால் இன்றுவரை தொடவில்லை. பழகுவதெல்லாம் துண்டுத் தோலில்தான். இன்றோடு எழுபத்தோரு நாள். நாளுக்குப் பத்துத் துண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் தேதி போடுகிறேன். தோலை நனைத்து, அதன் பழைய நிறம் திரும்பத் தொடங்கும்போது வெட்டவேண்டும். முந்தினால் கூழ்போல இழுபடுகிறது. பிந்தினால் கத்தி கீச்சிடுகிறது. ஆட்காட்டி விரல் கத்தியின் தலைமேல் அழுத்த, மற்ற விரல்கள் தண்டை உருட்டவேண்டும். ஆழமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் கரைந்துவிடவேண்டும்.

கரைவதுதான் எனக்கு வரவில்லை. முப்பத்தாறு வருடம் நில வரைபடம் வரைந்த கை. கோடு என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன் என்று பழகிவிட்டது. முதல் வாரத் துண்டுகளைத் தையலம்மாவிடம் காட்டினேன். “அய்யா, கோடு போடச் சொன்னா ரோடே போட்டுருக்கீங்களே. இதுல லாரி போகும்” என்றார். இப்போது ஓரளவு மெலிகிறது. ஆனால் அவன் செய்த பழைய பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவன் வளைவு என் கைக்கு ஏறவில்லை. என் மணிக்கட்டில்தான் ஏதோ குறை. வயதாகிவிட்டது என்றும் சொல்லலாம்.

அந்த வெட்டுகள் இல்லாமல் போனால், அது முடிக்காத வேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அவன் பெயரில் ஒரு முடிக்காத வேலை வெளியே போகவேண்டாம் என்பதுதான் என் எண்ணம். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சரி என்றால் முயல்கிறேன். கூடாது என்றால் விட்டுவிடுகிறேன். 15ஆம் தேதிக்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். வரும்போது சொன்னால் பேருந்து நிலையத்துக்கு வருகிறேன்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
நான்.


17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உனக்கு,

உன் பதில் தங்கை வாயிலாக 9ஆம் தேதி கிடைத்தது. “அக்கா ‘அவர் இஷ்டம்’னு சொல்லச் சொன்னா அத்தான்” என்றாள். நம் வீட்டில் இத்தனை வருடமாக அந்த வார்த்தைக்குக் கூடாது என்றுதான் பொருள். எனக்கு அது தெரியும். தெரிந்தும், அந்தச் சொற்களை அகராதிப்படி எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளவேண்டியவற்றில் இது முதலாவது.

11ஆம் தேதி காலை மூடியை ஈரப் பஞ்சால் துடைத்தேன். நிறம் திரும்பும்வரை காத்திருந்தேன். கத்தியைத் தீட்டுத் தோலில் இருபது தடவை இழுத்தேன். யார் கண்ணிலும் சட்டென்று படாத இடம் என்று, கீழ் மூலையில் இருக்கும் இலையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு வெட்டு போட்டேன். விரல்நகத்தின் நீளம்தான் இருக்கும். நன்றாகவே மெலிந்து முடிந்தது. எழுபத்தெட்டு நாளில் அவ்வளவு நல்ல வெட்டு விழுந்ததில்லை என்று நினைத்தேன்.

அடுத்ததைப் போடும் முன் பெல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பூதக்கண்ணாடியை எடுத்தேன். அலுவலகப் பழக்கம், போகமாட்டேன் என்கிறது. என் வெட்டின் வலப்பக்கக் கரை சரிந்திருந்தது, இடப்பக்கக் கரை செங்குத்தாக இருந்தது. பெல்ட்டில் அவன் வெட்டுகள் எல்லாவற்றிலும் இடப்பக்கக் கரைதான் சரிந்திருந்தது. ஒன்று இரண்டு இல்லை. நாற்பது வெட்டுகளை எண்ணிப் பார்த்தேன். பெல்ட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தேன். என் கண்ணின் பிழையோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன்.

தையலம்மா அப்போதுதான் மாடிக்கு வந்தார். தோல் விரிந்த விதத்தால் இப்படி ஆகுமா என்று கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அவருதான் இடக்கையால வெட்டுறவராச்சே அய்யா, அப்பிடித்தான் இருக்கும்” என்றார். கையிலிருந்த பெல்ட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். அதன் பிறகுதான் நிமிர்ந்தார். “அட, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். பிறகு அவராகவே, “தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நான் ஒரு வாயாடி, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கீழே போய்விட்டார். குடம் நிறைந்துதான் இருந்தது.

எனக்குத் தெரியாது. அவன் அந்த மேசையில் இருபது வருடம் வேலை செய்தான். நான் தினமும் அந்த மாடிக்கு ஏறினேன். அவன் எந்தக் கையால் வெட்டுகிறான் என்று எனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும். நான் மாடிப்படியில் கால் வைத்ததும் கீழேயிருந்து நீ, “தம்பீ, அப்பா மேல வர்றாரு” என்று குரல் கொடுப்பாய். எனக்குக் காபி வைப்பதற்கான அறிவிப்பு என்று நினைத்திருந்தேன். நான் மேலே போய்ச் சேரும்போது கத்தி மேசைமேல் இருக்கும், அவன் கை இரண்டும் மடியில் இருக்கும். அப்பா வந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பேசுகிறானே என்று, வக்கீலிடம்கூட ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது மரியாதை இல்லை. நாற்பத்து மூன்று வயது ஆள் என்னைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்திருக்கிறான்.

அவனுக்கு ஐந்து வயதில் நான் செய்ததை நீ எனக்கு ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானே எழுதிவிடுகிறேன். இடக்கையால் எழுதினால் எழுதியதன்மேலேயே கை போகும், மை கலைந்துவிடும் என்பது எங்கள் அலுவலகப் பாடம். அங்கே இடக்கைக்காரர்களை வரைபட மேசைக்கு எடுக்கமாட்டார்கள். வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அவன் இடக்கையை என் கைக்குட்டையால் நாற்காலியோடு கட்டினேன். இறுக்கமாகக் கட்டவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். நான்கு மாதம். நீ இரண்டு முறை அவிழ்த்துவிட்டாய். நான் மறுபடி கட்டினேன். பிறகு அவன் வலக்கையால் முத்துமுத்தாக எழுதினான். காரியம் முடிந்தது என்று கைக்குட்டையைத் துவைக்கப் போட்டேன்.

அவன் அதற்காக என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். விளக்கம் சொல்லியிருப்பேன்.

அன்று மத்தியானம் துண்டுத் தோலில் இடக்கையால் வெட்டிப் பார்த்தேன். ஆறு துண்டு கெட்டது. கத்தி நழுவி வலக்கைப் பெருவிரலில் பட்டது. ஆழமில்லை, கட்டுப்போட்டிருக்கிறேன். இந்த எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம். மூடியில் அதற்குமேல் ஒரு வெட்டும் போடவில்லை. உலரவைத்து, தையலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் பெட்டியில் பொருத்தித் தைத்தார்.

டாக்டரம்மா 15ஆம் தேதி சொன்ன நேரத்துக்கு வந்தார். மாட்டுக் கொட்டகையிலிருந்து நேரே வந்திருக்கிறார். ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூடியை விரலால் தடவிப் பார்த்தார். கன்றுக்குட்டியின் வயிற்றைத் தடவிப் பார்ப்பவர், விரலுக்குத் தப்புமா? கீழ் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். “இந்த எலையில மட்டும் ஒரு கோடு இருக்கே, வேற எதுலயும் இல்லையே. இது என்ன கணக்கு பெரியவரே?” என்று கேட்டார்.

தோலில் இருந்த கீறல் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வாய்வரை வந்தது. பிறகு, அது நான் போட்டது என்றேன். மீதி அத்தனையும் என் மகன் செய்தது, கடைசி வெட்டுகளைப் போடும் முன் இறந்துவிட்டான் என்றேன். அவன் இடக்கைக்காரன், அதனால் என் வெட்டு அவன் வேலையோடு சேரவில்லை என்றேன். அவன் இடக்கைக்காரன் என்று நான் ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

வேறு பெட்டி வேண்டுமென்றால் வேறு ஆளிடம் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னேன். டாக்டரம்மா, “எதுக்கு? இப்பிடியே இருக்கட்டும். இதோடதான் நான் ஊர் ஊராப் போவேன்” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

ஆக, அந்த மூடி இப்போது இந்த வீட்டில் இல்லை. தொடக் கூடாது என்று நீ சொன்னதை நான் தொட்டேன். ஒரே ஒரு வெட்டுதான் என்று குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீ கோபித்துக்கொள். என் முகத்துக்கு நேரே கோபித்துக்கொண்டால் நல்லது. அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டாவது வா.

மாடி அறையில் எதையும் நகர்த்தவில்லை. கத்தியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அவன் டப்பாவில் வைத்துவிட்டேன். இனி எடுக்கமாட்டேன். அவன் நாற்காலியில் நேற்றுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சன்னல் அவனுக்கு வலப்பக்கம் இருக்கும்படி மேசையைப் போட்டிருக்கிறான். இடக்கையின் நிழல் வேலைமேல் விழக் கூடாது என்பதற்காக என்று இப்போது புரிகிறது. மேசை தப்பாகக் கிடக்கிறது, திருப்பிப் போடு என்று நான்தான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

தங்கைக்கும் சகலைக்கும் என் அன்பைச் சொல். அவர் சொன்னபடி வாயைத் திறந்து கேட்கிறேன் என்றும் சொல். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். புதன்கிழமை காலைப் பேருந்துக்கு நிலையத்தில் வந்து நிற்பேன். நீ வராவிட்டால் வியாழக்கிழமையும் நிற்பேன்.

வந்து எனக்குச் சொல்லவேண்டும். நீ பார்த்திருக்கிறாய். வெட்டும்போது அவன் எந்தத் தோளைச் சாய்ப்பான்? நாக்கைக் கடித்துக்கொள்வானா? ஏதாவது முணுமுணுப்பானா? ஒரு வெட்டு நன்றாக விழுந்தால் அவன் முகம் எப்படி இருக்கும்? நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

நான்.