கைப்பிரேக்கும் ஆரஞ்சுத் தோலும்

இன்று குன்னூர் ஏற்றத்தில் கிளட்ச் கருகும் வாடை காருக்குள் பரவியதும் உன் ஞாபகம்தான் வந்தது. ஓட்டியவள் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண். பழக்கிவிடும் பொறுப்பு என்னுடையது.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான எனக்குக் கிடைத்த முதல் வேலை, எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பெண்களின் உடல்நலம் விசாரிப்பது. லைசென்ஸ் எடுத்தால்தான் வேலை நிலைக்கும் என்றார்கள். அப்பா தேயிலைக் கொழுந்து லாரி ஓட்டுகிறவர். பனிமூட்டத்திலும் கொண்டை ஊசி வளைவுகளை அநாயாசமாக ஏறுவார். அவரிடம்தான் முதலில் கார் ஓட்டப் பழகினேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் வண்டி பின்னால் உருண்டது. “காலை மெல்ல விட்டாப் போதும் கண்ணு. இதுல சொல்லித்தர என்ன இருக்குது?” என்பார். சொல்லிக்கொண்டே, தன் பக்கம் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிப்பார். அதைப் பார்த்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுவேன்.

பிறகு, எனக்கு முன்பே லைசென்ஸ் எடுத்திருந்த என் தோழி நீ வந்தாய். பழகும் காலத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் கோழிக்கூண்டை நசுக்கியவள் நீ.

“கைப்பிரேக் போட்டாச்சு, வண்டி எங்கயும் போகாது. கிளட்சை மெல்ல விடு, இன்ஜின் சத்தம் கம்மினா காலை அப்படியே நிறுத்து. இன்னிக்கு இவ்வளவுதான்.”

“ஓட்ட வேண்டாமாடி?”

“அது நாளைக்கு.”

மறுநாள் ஏற்றத்தில் நின்றபோது, “பின்னாடி பஸ்ஸுடி!” என்று அலறினேன். “அவனுக்கும் பிரேக் இருக்கு. நீ சத்தத்தைக் கேளு,” என்றாய், ஆரஞ்சு உரித்தபடி, தலை நிமிராமலே. கார் முன்னால் ஏறியது. இறங்கும்போது, “தோலை ஏன்டி இப்படிப் பொடிப்பொடியாக் கிள்ளிப் போடறே, குப்பை!” என்று திட்டினேன். சிரித்தாய்.

தெரியாமல் இருந்த காலத்தை அப்பாவின் கால் மறந்துவிட்டது. எங்கே தடுக்கும் என்பதை நீ மறக்கவில்லை. ஓட்டுவது ஒரு வேலை, ஓட்டவைப்பது வேறு வேலை. இதை இப்போது யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

லைசென்ஸும் கிடைத்தது, வேலையும் நிலைத்தது. போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த நீ எழவே இல்லை.

இன்று அந்தப் பெண், “உருளுதுக்கா!” என்று கத்தினாள். என் காலும் இல்லாத பிரேக்கைத் தேடிப் போனது. அதை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். “கைப்பிரேக் போடு. இப்ப சத்தத்தை மட்டும் கேளு,” என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்த ஆரஞ்சை எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சாலையைப் பார்த்தாள். கார் ஏறியது.

மேலே போய் நின்றதும் குனிந்து பார்த்தேன். என் மடி முழுக்கப் பொடிப்பொடியாக ஆரஞ்சுத் தோல்.

உனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கிறது, இல்லையா?

நாளைக்கும் ஓர் ஆரஞ்சு எடுத்துப் போவேன்.