மிஞ்சிய சிப்பி

அண்ணா,

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். காலையில் நடந்தது மட்டும் மத்தியானம்வரை அவரிடம் தங்குவதில்லை.

அவரை இப்படி ஆக்கிய விஷத்தின் பெயர் டோமோயிக் அமிலம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கடல்பாசி அதை உண்டாக்குகிறது. பாசியைத் தின்னும் சிப்பியில் போய்ச் சேர்கிறது. கொதிக்கவைத்தாலும் போகாது, ருசியிலும் தெரியாது. மூளையில் செய்தி கடத்தும் குளுட்டமேட்டின் சாயல் அதன் வடிவத்தில் இருப்பதால், நம்ம ஆள்தானே என்று மூளைச் செல் இடம் கொடுத்துவிடுகிறது. அது ஓயாமல் உசுப்பிக்கொண்டே இருந்து செல்லைத் தீர்த்துக்கட்டுகிறது.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. விஷம் இருக்கிறதா என்று சோதித்தது போக மிஞ்சும் சிப்பியை, முடிவு வந்த பிறகு, யாராவது வீட்டுக்கு எடுத்துப்போவோம். சிப்பி எடுக்கும் விரிகுடாவில் பதினோரு வருஷமாக விஷம் எதுவும் வந்ததில்லை. அன்று நான் முடிவுக்குக் காத்திருக்காமல் எடுத்துவந்து சமைத்துவிட்டேன்.

பல்வலி என்று நான் சாப்பிடவும் இல்லை.

பழையதிலும் கொஞ்சம் போய்விட்டது; உன்னை வீட்டைவிட்டுப் போகச் சொன்னது அவருக்கு நினைவில்லை. "பெரியவன் இன்னும் சாப்பிட வரலையா?" என்று கேட்டு உனக்கும் தட்டு வைக்கச் சொல்கிறார். வைக்கிறேன்.

தினமும் காலையில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். "தெரியாம நடந்தது, விடும்மா" என்கிறார். மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறார். மறுநாள் முதலிலிருந்து சொல்கிறேன்.

மறக்காத ஒருவரிடம் ஒரு தடவை சொல்ல வேண்டும் போலிருந்தது. அதற்குத்தான் எழுதினேன்.

உன் தங்கை